ஆந்தையின் அலறல்

கூரியர்காரர் வந்தபோது டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தன. முன்னறையில் டோக்கன் கொடுக்கும் பெண் கதவை லேசாகத் திறந்து, "மேடம், வழி மேல விழி வெச்சுக்கிட்டு இருந்தீங்களே, அது வந்துடுச்சு" என்றாள். டோக்கன் கொடுத்துக் கொடுத்து அவளுக்கே டோக்கன் என்று பேர் நிலைத்துவிட்டது. டாக்டரம்மா தலையைத் திருப்பவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பல்லை அடைக்க வழக்கத்தில் பாதி நேரம்தான் ஆயிற்று. "வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க" என்று சொல்லும்போதே கையுறையைக் கழற்றிவிட்டாள்.

புத்தகம் செங்கல் கனம் இருந்தது. அட்டையில் முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு ஆந்தை. ராக் பாடகர். ரசிகர்கள் வைத்த பெயர்தான் அது. மேடையில் உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கூட்டத்தைப் பார்ப்பார், கண்ணும் அப்படி, அதற்கெல்லாம் மேலே அந்த அலறல். எழுபது வயதைத் தாண்டியபின் உட்கார்ந்து தன் கதையைத் தானே எழுதியிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஆந்தை அறிமுகமானது பல் மருத்துவக் கல்லூரி விடுதியில். அறைத்தோழி வைத்திருந்த கேசட்டில் 'மூன்றாவது சாவி' என்றொரு பாட்டு. ஒருவன் பூட்டிய வீட்டின் முன்னால் நின்று ஒரு சாவியைப் போட்டுப் பார்க்கிறான், திறக்கவில்லை. இன்னொன்றைப் போடுகிறான், திறக்கவில்லை. மூன்றாவது சாவியும் திரும்பாமல் போகிற இடத்தில் கிடார், டிரம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அப்போது ஆந்தை அலறுவார். அடிவயிற்றில் கிளம்பி, மேலே ஏறி, உச்சியில் கண்ணாடி மாதிரி உடையும் அலறல். அதைக் கேட்டுத்தான் அவள் முதல் காதல் முறிந்தபோது அழுதாள். பரீட்சையில் தவறியபோது அழுதாள். அப்பா இறந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டு கல்லு மாதிரி இருந்தவள், ஒரு வாரம் கழித்து இந்தப் பாட்டைப் போட்ட பிறகுதான் உடைந்தாள். விட்டுப்போன யாருக்காகவோ ஆந்தை அப்படி அலறியிருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கும்.

அதனால் அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு அத்தியாயம் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வந்த இசைத்தட்டை எடுத்துப் போட்டு முழுக்கக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த அத்தியாயம். முன்னால் புரட்டிப் பார்ப்பது பாவம். அடையாளத்துக்கு ஒரு பழைய எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டாள், யாருடையதோ இரண்டு கடவாய்ப் பற்கள்.

முதல் சில நாட்கள் சொர்க்கம். ஆந்தை பதினேழு வயதில் அடுத்த வீட்டுக்காரரின் தகரக் கொட்டகையில் பாடிப் பழகி, அங்கேயே பதிவும் செய்ததைப் படித்துவிட்டு முதல் இசைத்தட்டைப் போட்டால், ஒரு மூலையில் மழை தகரத்தில் விழுகிற சத்தம் இருக்கிறது! இத்தனை வருஷமாக அதை அவள் தட்டில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தாள். ஒரு பாட்டின் நடுவே வரும் இருமல் கிடார்காரருடையது என்று தெரிந்தபின், அந்த இருமலுக்காகவே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கிளினிக்கிலும் ஸ்பீக்கரில் அதுதான். "மேடம், வர்றவங்க பல்வலியோட வந்து தலைவலியோட போறாங்க" என்று டோக்கன் முனகியது அவள் காதில் விழவில்லை.

ஒரு நாள் காலையில் புத்தகத்தைத் திறந்தால், எக்ஸ்ரே படத்துக்கு வெகுதூரம் தள்ளி ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

வீட்டில் பஸ் டிக்கெட் புழங்குகிறவர் ஒருவர்தான். கணவர் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவர். யார் எந்த வண்டி, எப்போது கிளம்பி எப்போது திரும்புவது, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதுகிற வேலை. பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. ஆந்தை பாட ஆரம்பித்தால் பால்கனிக்குப் போய் உலர்ந்த துணியை மறுபடியும் உலர்த்துவார்.

"என்னங்க, இதை நீங்க தொட்டீங்களா?"

"சும்மா புரட்டினேன்."

"புரட்டினவர் டிக்கெட் பாதிப் புத்தகத்தைத் தாண்டி என்ன பண்ணுது?"

அவர் ஷூ கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அதில்லம்மா, அந்த வேன் டிரைவர் கதை வயித்தெரிச்சலா இருக்கு. விடிய விடிய ஓட்டிட்டு வந்து இறங்கினா, பெட்டியெல்லாம் அவனே தூக்கணுமாம். இவங்க பாடி முடிச்சதும் மறுபடி ஓட்டணுமாம். எங்க டிப்போவுல நான் இப்படி டியூட்டி போட்டா என்னை நிக்க வெச்சுத் தோலை உரிச்சிடுவாங்க."

"அதெல்லாம் நடந்து அம்பது வருஷம் ஆச்சு."

"அம்பது வருஷத்துக்கு முன்னாடி டிரைவருக்குத் தூக்கம் வராதா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஆந்தைக்கு இரண்டு கட்சி உண்டாயிற்று. கணவருக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. வேன் நடுவழியில் நின்றபோது தானே அடியில் படுத்துச் சரிசெய்தவர், எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டவர், கூட்டமே வராத இடத்தில்கூடச் சொன்ன நேரத்துக்கு மேடை ஏறியவர். "ஆள் தங்கம்மா. தொழில்தான் சரியில்ல" என்பார். டாக்டரம்மாவுக்கோ தலைகீழ். பாட்டு தங்கம், ஆள்தான் படிக்கப் படிக்கக் கசந்தார். நண்பன் கல்யாணத்தை மறந்து தூங்கியிருக்கிறார். கிடார்காரரின் தோல் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு அட்டைப்படத்துக்குச் சிரித்துவிட்டு, கடைசிவரை திருப்பித் தரவில்லை. "அந்தச் சட்டையைப் பார்த்துத்தாங்க நான் காலேஜ்ல மயங்கினேன்" என்றாள் வருத்தமாக.

"அப்ப நீ மயங்க வேண்டியது கிடார்காரர்கிட்ட" என்றார் அவர்.

புத்தகத்தில் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தான் படிக்காத பக்கத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவரும் வாயைத் திறக்கவில்லை. முகத்தை என்ன செய்வது? ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நுரை பறக்கச் சிரித்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்த ஞானப்பல்லு வளர்றப்ப ரொம்ப வலிக்குமோ?"

"சிலருக்கு வலிக்கும். ரெண்டு மாத்திரை போட்டா போச்சு. ஏன், உங்களுக்கு வலிக்குதா?"

"சேச்சே, சும்மா பொது அறிவுக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினார். தோள் குலுங்குவது நன்றாகவே தெரிந்தது.

'மூன்றாவது சாவி' பிறந்த கதை வருகிற அத்தியாயத்தை அவள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். தலைக்குக் குளித்து, போனை அணைத்து, இசைத்தட்டைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தாள்.

ஆந்தை சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு இடது கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கிப் பன் மாதிரி ஆகிவிட்டது. பல் டாக்டர் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம், போகவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டே பாடினார். பாட்டின் முடிவு மட்டும் சரியாக வராமல், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஒலிப்பதிவுக்காரர் உயிரை எடுத்தார். கடைசியில் களைத்துப்போய் முன்னால் சாய்ந்தபோது மைக்கின் இரும்புத் தண்டு சரியாக வீக்கத்தில் இடித்தது. உயிர் போகிற வலியில் கத்திவிட்டார். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். அதுதான் அந்த அலறல். காதலுமில்லை, பிரிவுமில்லை. பாட்டில் வரும் வீடுகூட வாடகைக்குப் பார்த்துப் பிடிக்காமல்போன வீடாம்.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

கணவர் காப்பியோடு வந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு பாதி வழியிலேயே பொங்கி, காப்பி தட்டில் கொட்டியது. "உனக்குப் பெருமைதானேம்மா? உலகமே கொண்டாடுற பாட்டு உன் டிபார்ட்மென்ட்தான்! ஆந்தைக்கு வந்தது ஞானம்னு நினைச்சே, வந்தது ஞானப்பல்லு!"

அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு சட்டென்று வடிந்தது.

"எங்கப்பாவுக்காக நான் அழுதது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஒரு கடவாய்ப் பல்லுக்காங்க அழுதேன்?" என்றாள்.

அவர் காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் புத்தகத்தை மூடி, எழுந்துபோய் பிரிட்ஜின் தலையில் வைத்தாள். இசைத்தட்டு உறைக்குள் போயிற்று.

மறுநாளிலிருந்து கிளினிக்கில் பாட்டு இல்லை. ஆந்தையின் குரல் கேட்டாலே தாடை வீங்கிய ஒரு மனிதர்தான் கண்முன் வருகிறார், என்ன செய்வது? நான்கைந்து நாள் பார்த்துவிட்டு டோக்கன் உள்ளே வந்தாள்.

"மேடம், அந்தப் பாட்டை நான் எவ்வளவோ திட்டியிருக்கேன். வாபஸ் வாங்கிக்கிறேன். தயவுசெஞ்சு போடுங்க."

"ஏன், உனக்குப் பிடிச்சுப்போச்சா?"

"ஐயோ, இல்ல. பாட்டு இல்லாம உங்க டிரில் சத்தம் வாசல் வரைக்கும் வருது. உக்காந்திருக்கிறவங்க மூஞ்சியெல்லாம் வெளிறிப்போகுது. இன்னிக்கு ஒரு பெரியவர் டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டு, பல்லு தானாவே சரியாப்போச்சுன்னுட்டுப் போறார்."

டாக்டரம்மா தலையாட்டினாளே தவிர, பாட்டைப் போடவில்லை.

அந்த வாரம்தான் ஜிம் மாஸ்டர் வந்தார். வந்தார் என்று சொல்வது தப்பு, இழுத்து வரப்பட்டார். கதவை அடைக்கிற தோள், தொடை கனத்துக்குக் கை. அவரை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்த மனைவி அவர் இடுப்பு உயரம்கூட இல்லை. மாஸ்டரின் வலது கன்னம் புடைத்திருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"மூணு நாளா சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. "கேட்டா, எனக்கு ஒண்ணுமில்லங்கறார். நூறு கிலோ தூக்கறவருக்கு ஒரு ஊசின்னா பயம். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார்."

நாற்காலியில் சாய்ந்த மாஸ்டர் கைப்பிடியை இறுக்கிய இறுக்கில் அது கிரீச்சிட்டது. டாக்டரம்மா விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். கீழ்த்தாடையின் கடைசியில் ஞானப்பல் ஈறுக்குள் பாதி புதைந்து, சுற்றிலும் சிவந்து சீழ் கட்டியிருந்தது. கண்ணாடியின் விளிம்பு வீக்கத்தில் பட்டது. பட்டது என்றால் இறகு படுவது போலத்தான்.

மாஸ்டர் அலறினார்.

அடிவயிற்றில் கிளம்பி, மேலே ஏறி, உச்சியில் கண்ணாடி மாதிரி உடைந்தது. டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மனைவி கணவரின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த மலை மாதிரி மனிதரின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. வெட்கம் தாங்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். திருப்பினால் இன்னும் வலித்தது.

எத்தனை வருஷமாக இந்த நாற்காலியின் பக்கத்தில் நிற்கிறாள்! ரெண்டு மாத்திரை போட்டா போச்சு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! காதல் முறிந்தவர்களை அவளும் பார்த்திருக்கிறாள், தானே முறிந்தும் இருக்கிறாள். ஒருவரும் இப்படி அலறவில்லை. அவளும்தான் அலறவில்லை, போர்வைக்குள் விசும்பினாள், அவ்வளவுதான். உள்ளே கிடந்ததை ஆந்தை என்று ஒருவன் வெளியே கத்திக் கொடுத்தான். அவனுக்கு வலித்தது பல்லாக இருந்தால் என்ன, நெஞ்சாக இருந்தால் என்ன? வலித்ததென்னவோ நிஜம்.

"மாஸ்டர்," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது ரொம்பப் பெரிய வலி. நீங்க மூணு நாள் தாங்கினதே பெருசு. இன்னிக்கு நான் எதையும் பிடுங்கப்போறதில்ல. முதல்ல மருந்து, வீக்கம் இறங்கட்டும். அப்புறம் மரத்துப்போக ஊசி. நீங்க போதும்னு கை தூக்கினா நான் நிறுத்திடுவேன்."

மாஸ்டர் அவளை நன்றியோடு பார்த்தார்.

வீக்கம் இறங்கி அவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த நாளில், டாக்டரம்மா யாரும் கேட்காமலே ஸ்பீக்கரைப் போட்டாள். டோக்கன் வெளியிலிருந்து கும்பிட்டாள். ஊசி நன்றாகப் பிடித்துவிட்டது; மாஸ்டருக்குத் தாடை ஒரு மரக்கட்டை. குறடு பல்லைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் 'மூன்றாவது சாவி' வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, வேலை அப்படி. கிடார் நின்றது. டிரம் நின்றது. அறை நிறைய ஆந்தை அலறினார்.

முன்னறையில் நாற்காலிகள் தடதடத்தன. கதவு படாரென்று திறந்து மாஸ்டரின் மனைவி உள்ளே பாய்ந்தாள். "என் புருஷனை என்ன பண்ணிட்டீங்க!" பார்த்தால் புருஷன் சுகமாகப் படுத்துக் கால் கட்டை விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். பல் குறட்டின் நுனியில் இருந்தது.

"யாழு... டாழ்டழ்... இழு?" என்றார் வாயில் பஞ்சோடு.

"உங்களை மாதிரி ஒருத்தர்தான் மாஸ்டர்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா அவர் டாக்டர்கிட்ட வரலை."

வெளியே வந்து பார்த்தால் முன்னறை காலி. டோக்கன் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மேடம், பாட்டு போடுங்கன்னுதான் சொன்னேன். இந்தப் பாட்டைன்னு சொன்னேனா?"

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா பிரிட்ஜின் தலையிலிருந்து புத்தகத்தை இறக்கினாள். கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த அத்தியாயத்தை நீயா படிக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறது நல்லதுன்னு தோணுது. சத்தியத்தை மீறலாமா?"

"இன்னும் என்ன பாக்கி இருக்கு? சொல்லுங்க."

"அந்தப் பல்லைக் கடைசியில பிடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவருக்கு அந்த மாதிரி கத்த வரலியாம். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, இவருக்குக் கத்தலே போச்சு."

"அப்ப மேடையில?"

"டிரம்காரர்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பின்னாடி குனிஞ்சு உக்காந்து டிரம்காரர் கத்துவாராம். இவர் வாயைத் திறந்து கழுத்தை மட்டும் திருப்புவாராம். முப்பது வருஷமா."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு பெரிய மைதானத்துக்கு ஆந்தை பாட வந்திருந்தார். கொட்டுகிற மழையில் நான்கு மணி நேரம் நின்று, அந்த அலறல் வந்தபோது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இவரும் நனைந்துகொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கு அழுதது..."

"டிரம்காரருக்கு" என்றார் மிக மெதுவாக.

"நீங்க அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"காதுல பஞ்சு வெச்சிருந்தேன்."

"அப்ப அந்த மைதானத்துல ஏமாறாத மனுஷன் நீங்க ஒருத்தர்தான்!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முதலில் பயந்து, பிறகு தானும் சேர்ந்துகொண்டார். ஒருவர் அடங்கினால் மற்றவர், "டிரம்காரர்!" என்பார், மறுபடி தொடங்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், "அந்த டிரம்காரருக்குப் பல்லெல்லாம் எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டாள். அதைப் புத்தகத்தில் சொல்லவில்லை.

மிச்சப் புத்தகத்தை இருவரும் சேர்ந்தே படித்தார்கள். கடைசி அத்தியாயம் வந்த அன்று, தான் வாய்விட்டு வாசிப்பதாகக் கணவர் சொன்னார். அவள் ஆந்தையின் கடைசி இசைத்தட்டைப் போட்டாள். அதில் டிரம்கூடக் கிடையாது. ஒற்றைக் கிடாரும், வயதாகிக் கரகரத்த குரலும்தான். கணவர் பால்கனிக்குப் போகாமல் பாட்டு கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டார் என்றும் சொல்ல முடியாது. அவர் டியூட்டி அட்டவணையைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆந்தை எழுபதாவது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போன கதை அது. சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, இடுப்பில் மஞ்சள் மிதவை கட்டிக்கொண்டு, தண்ணீரில் காலை வைத்ததும் படியில் ஏறி ஓடிவிடுகிறார். ஆறு வயதுப் பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள். அந்த இடத்தில் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரியை விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பாவம்மா, இந்த ஆளு" என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அத்தியாயத்தில் இன்னும் பாதி இருக்கும்போதே இசைத்தட்டின் கடைசிப் பாட்டு முடியப்போயிற்று. டாக்டரம்மா சத்தமில்லாமல் எழுந்து, ஊசியை மெல்லத் தூக்கி, அதே பாட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

கணவர் வாசிப்பதை நிறுத்திக் காதைச் சாய்த்தார். "இந்தப் பாட்டு இப்பதானே வந்துச்சு?"

"இல்லங்க, இது வேற" என்றாள் அவள், திரும்ப வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. "நீங்க படிங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விட்ட வரியை விரலால் தேடினார்.